விசா முதல் உறுதிமொழி வரை: வெளிநாட்டுக் குடியுரிமைக்கான மொழித் தகுதியும் தேர்வும், கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கோவை காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) பயிற்சி, ஜெர்மன் மொழிப் பயிற்சி என்று எழுதிய பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே சேர்பவர்களில் பெரும்பாலோர் பொறியியல் படித்த இளைஞர்களும் செவிலியர்களும்தான். அவர்களுடைய குறி விசா. விசா கிடைத்து, போய்ச் சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது மொழித் தகுதி இரண்டாவது முறையாக எதிரே வந்து நிற்கிறது. அப்போது திணறுபவர் பெரும்பாலும் வேலைக்குச் சென்றவர் அல்லர். உடன் சென்ற மனைவியோ கணவரோதான். கோபியிலோ தாராபுரத்திலோ தமிழ்வழியில் படித்து, வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த ஒருவரிடம், அதுவரை யாரும் கேட்காத ஆங்கிலத்தையோ ஜெர்மன் மொழியையோ அந்த நாட்டு அரசு திடீரென்று கேட்கிறது.

வெளிநாடு செல்லும் குடும்பங்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: குடியுரிமைத் தேர்வு என்று பெரிதாகப் பேசப்படும் அந்த இருபது, முப்பது கேள்விகள் பெரும்பாலோரைத் தடுத்து நிறுத்துவதில்லை. அவற்றுக்கு முன்னால் வருகிற துணைவரின் மொழித் தகுதியும், ஊருக்கு வந்துபோன நாள்களின் கணக்கும், ஆவணங்களில் உள்ள பெயர்க் குழப்பமும்தான் விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, தேர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவற்றைப் பற்றியும் பேசுகிறது. விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

முதல் படி: எந்தக் கட்டத்தில் எந்தத் தகுதி என்று பிரித்தறிதல்

மொழித் தகுதி மூன்று கட்டங்களில் கேட்கப்படலாம். நாட்டுக்குள் நுழையும்போது ஒன்று, நிரந்தர வசிப்புரிமையின்போது ஒன்று, குடியுரிமையின்போது ஒன்று. எல்லா நாடுகளும் மூன்றிலும் கேட்பதில்லை. ஒரே குடும்பத்தில் உள்ள எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்பதுமில்லை.

ஐரோப்பிய நாடுகள் இந்த அளவை ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளாகக் குறிக்கின்றன. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட சட்டகம் இது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் எளிய கேள்விகளுக்கு விடை சொல்லவும் முடிந்தால் ஏ1. கடை, மருத்துவமனை, பள்ளி என்று அன்றாடக் காரியங்களைச் சொல்லி முடிக்க முடிந்தால் ஏ2. நடந்ததை விவரித்து, தன் கருத்துக்குக் காரணமும் சொல்ல முடிந்தால் பி1. எதிர்வாதத்தைக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்ல முடிந்தால் பி2. பிரிட்டனும் ஜெர்மனியும் குடியுரிமைக்குக் கேட்பது பி1. கனடா தனக்கென்று சிஎல்பி (கனேடிய மொழி அளவுகோல்) என்ற அளவை வைத்திருக்கிறது. குடியுரிமைக்குப் பேசுவதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் சிஎல்பி 4 இருந்தால் போதும். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் கேட்டலில் 4.5, பேசுதலில் 4.0 எடுப்பது இதற்கு ஈடு. ஆனால் அதே கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி அடிப்படையிலான தேர்வுமுறை வழியாகக் கூட்டாட்சித் திறன்மிகு பணியாளராக நுழைய, நான்கு திறன்களிலும் சிஎல்பி 7, அதாவது ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் ஒவ்வொன்றிலும் 6.0 தேவை. நுழையும் வாசல் உயரமானது, குடியுரிமை வாசல் தாழ்வானது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. முதன்மை விண்ணப்பதாரருக்குக் குடியுரிமைக் கட்டத்தில் மொழி ஒரு பொருட்டாக இல்லாமல் போவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவில் குடியுரிமைக்கென்று தனி ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடியுரிமைத் தேர்வே ஆங்கிலத்தில் இருப்பதால் அதில் தேறுவதையே அடிப்படை ஆங்கில அறிவுக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். இதே நாடு 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏதாவதோர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதவைத்து, வேண்டாதவர்களைத் திருப்பி அனுப்பியது. எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். 1958-இல்தான் அது ஒழிந்தது. இன்றைய தேர்வுகளுக்கான பாடநூலை அரசே இலவசமாகத் தருகிறது என்பதை நினைக்கும்போது காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாம் படி: பெயரைச் சரிசெய்தல்

இதை மொழிப் பயிற்சிக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. தேர்வு எழுதிய பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று வழக்கத்தில் இல்லை. தந்தையின் பெயர் இனிஷியலாக நிற்கிறது. திருமணத்துக்குப் பின் பெண்களுக்கு அந்த இனிஷியல் மாறுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மு. பூங்கொடி, கடவுச்சீட்டில் பூங்கொடி செந்தில்குமார், ஆதாரில் எஸ். பூங்கொடி என்று மூன்று பெயர்கள் ஒருவருக்கே இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். உள்ளூரில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. வெளிநாட்டு அதிகாரிக்கோ இவர்கள் மூவரும் வேறு வேறு ஆட்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று அது எல்லாவற்றிலும் தொடரும்.

ஆகவே, முதல் மொழித் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய கடவுச்சீட்டிலும் இனிஷியலை விரித்து எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் தேவைப்பட்டால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். குலதெய்வக் கோயிலில் நடந்த திருமணம் என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் பெற்றாக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் சேர்க்கப்படாமல் இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கல்லூரியில் படித்தவர்கள் இன்னொரு தாளையும் மறக்கக் கூடாது. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ் அது. கனடா குடியுரிமைக்கு, ஆங்கிலவழியில் மேல்நிலைப் படிப்போ பட்டப்படிப்போ முடித்ததற்கான ஆவணத்தையே மொழிச் சான்றாக ஏற்கிறார்கள். அது இந்தியாவில் படித்ததாக இருந்தாலும் தடையில்லை. பிரிட்டனில், ஆங்கிலவழிப் பட்டத்தை எக்டிஸ் என்ற அமைப்பு சரிபார்த்து உறுதி செய்தால் மொழித் தேர்வே தேவையில்லை. ஆஸ்திரேலியத் திறன்மிகு விசாவில் உடன் செல்லும் துணைவருக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதாக நிறுவ முடியாவிட்டால் ஏறத்தாழ 4,900 ஆஸ்திரேலிய டாலர் கூடுதலாகக் கட்ட நேரும். ஆங்கிலவழியில் மூன்றாண்டுப் பட்டம் படித்தவர் கல்லூரிச் சான்றிதழைக் காட்டி அந்தத் தொகையை மிச்சப்படுத்தலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெருந்துறையிலோ பொள்ளாச்சியிலோ உள்ள கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் துரத்துவதைவிட, ஊரில் இருக்கும்போதே நேரில் போய் இரண்டு படிகள் வாங்கி வைப்பது எளிது.

மூன்றாம் படி: உடன் செல்பவருக்கு இன்றே தொடங்குதல்

பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவில் செல்பவருடன் போகும் கணவனோ மனைவியோ இதுவரை நுழையும்போது ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிரந்தர வசிப்புரிமைக்கு அவர் பி1 நிலையையும் குடியுரிமைத் தேர்வையும் முதன்மை விண்ணப்பதாரரைப் போலவே முடித்தாக வேண்டும். 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையோ, உடன் செல்பவர்களுக்கும் நுழையும்போதே ஏ1 வேண்டும் என்றும், வசிப்புரிமைக்கான காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீட்ட வேண்டும் என்றும் முன்மொழிந்தது. முதன்மை விண்ணப்பதாரருக்கான ஆங்கில அளவு 2026 ஜனவரி 8 முதல் பி1-இலிருந்து பி2 ஆகிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் ஐயமில்லை. பிரிட்டன் குடிமகனையோ அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவரையோ மணந்து செல்பவருக்கு ஏற்கெனவே படிப்படியான கணக்கு உண்டு: நுழையும்போது ஏ1, இரண்டரை ஆண்டில் விசாவை நீட்டிக்கும்போது ஏ2, நிரந்தர வசிப்புரிமைக்கு பி1.

ஜெர்மனியும் இப்படித்தான். அங்கே குடும்பத்தோடு சேரச் செல்லும் துணைவர் பொதுவாக ஏ1 சான்றிதழ் காட்ட வேண்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் நடத்தப்படும் தேர்வு நம் பக்கத்தில் பலரும் அறிந்தது. ஆனால் நீல அட்டை (உயர் தகுதிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைவருக்கு விலக்கு உண்டு. இந்தச் சலுகையே பின்னால் வினையாகிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே அலுவலகம் நடக்கும் நிறுவனத்தில் கணவர் வேலை பார்க்க, மனைவி ஜெர்மன் மொழியைத் தொடாமலே நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட முடியும். ஐந்தாம் ஆண்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இருவருக்கும் தனித்தனியாக பி1 வேண்டும். நீல அட்டைக்காரருக்கே மொழியால் கிடைக்கும் ஆதாயம் கண்கூடானது: ஏ1 இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, பி1 இருந்தால் 21 மாதத்தில்.

ஆகவே என் யோசனை இது. விசா விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பயணம் புறப்படும் நாள்வரை உள்ள மாதங்கள் உடன் செல்பவரின் படிப்புக்குரியவை. சீர், விருந்து, கோயில் என்று அந்த மாதங்கள் கரைந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு அரசு நடத்தும் வகுப்புகளை விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்புத் திட்டம் தகுதியுள்ளோருக்கு இலவசம். ஜெர்மனியின் பொதுவான ஒருங்கிணைப்புப் படிப்பில் 600 மணி நேரம் மொழியும் 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, பண்பாடும் உண்டு; அதன் இறுதித் தேர்வையே குடியுரிமைத் தேர்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி

குடியுரிமைக்கான மொழித் தகுதியில் பேசுதலும் கேட்டலுமே பிரிட்டனிலும் கனடாவிலும் பார்க்கப்படுகின்றன. எழுத்துக்குப் பயந்து ஒதுங்கியிருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. பிரிட்டன் ஏற்கும் ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வில் எழுதவே வேண்டாம். தேர்வு எழுத வந்த இன்னொருவருடன் சேர்ந்து, தேர்வு நடத்தும் தேர்வாளரிடமும் தமக்குள்ளும் பேச வேண்டும். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே. பிரிட்டனுக்குள் டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற அமைப்பு நடத்தும் ஐந்தாம் கிரேடு பேச்சுத் தேர்வு இன்னும் எளிமையானது. மொத்தம் பத்து நிமிடம். முதல் பாதியில் தேர்வர் தாமே தேர்ந்தெடுத்து வந்த தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும், இரண்டாம் பாதியில் திருவிழா, போக்குவரத்து, அண்மை அனுபவங்கள் போன்ற பொருள்களில் உரையாட வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் 'என் விடுமுறை', 'எனக்குப் பிடித்த திரைப்படம்' என்பவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். தேர்வாளர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டவுடன் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. உங்கள் கைக்குப் பழகிய வேலையைத் தலைப்பாக எடுங்கள். ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் மஞ்சள் வேகவைப்பதைப் பற்றிப் பேசலாம். வெட்டியெடுத்த கிழங்கை மண் போகச் சுத்தம் செய்து, வேகவைத்து, களத்தில் நன்றாகக் காயவைத்து, மெருகேற்றி, மண்டிக்கு ஏற்றுவது வரை அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. தேர்வுக்குக் கொண்டுபோகும் தலைப்புப் படிவத்தில் எழுத வேண்டிய நான்கைந்து குறிப்புகளும் வேலையின் வரிசையிலேயே அமைந்துவிடுகின்றன. 'ஏன் வேகவைக்க வேண்டும்?' என்று தேர்வாளர் கேட்டால், நிறம் சீராகப் பரவும், சீக்கிரம் காயும் என்று காரணம் சொல்லலாம். 'இனி என்ன மாறும்?' என்று கேட்டால் எதிர்கால வினைவடிவத்தில் விடை சொல்லலாம். 'கையால் செய்வது பிடிக்குமா, எந்திரத்தால் செய்வது பிடிக்குமா?' என்றால் விருப்பத்தைச் சொல்லலாம். ஐந்தாம் கிரேடு எதிர்பார்க்கும் இலக்கணமும் ஏறக்குறைய இதுவேதான்: காரணம் சொல்லுதல், எதிர்காலம், விருப்பம், அளவு, அத்துடன் இறந்தகாலத்தில் தொடங்கி இன்றுவரை நீடிப்பதைச் சொல்லும் வினைவடிவம். அந்தக் கடைசி வடிவத்தில் நம்மவர்கள் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள்; 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று வாய் தானாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

கொங்கு நாட்டாருக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. பெரியவர் முன் அடக்கமாக 'ஆமாங்க', 'இல்லைங்க', 'சரிங்க' என்று முடித்துக்கொள்வது நமக்கு மரியாதை. பேச்சுத் தேர்வில் அந்த அடக்கம் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். தேர்வாளருக்கு உங்கள் வாயிலிருந்து வாக்கியங்கள் வேண்டும். வராவிட்டால் மொழி வராது என்றே அவர் முடிவு செய்வார். எனவே வகுப்பில் நான் வைக்கும் விதி, எந்தக் கேள்விக்கும் மூன்று வாக்கியங்களுக்குக் குறையாமல் விடை வர வேண்டும் என்பது: விடை, அதற்குக் காரணம், ஓர் எடுத்துக்காட்டு. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் தேரைப் பற்றிக் கேட்டால், 'போவோம்' என்று நிறுத்தாமல், ஏன் போவோம், குதிரைச் சந்தையில் என்ன பார்த்தோம் என்பது வரை வர வேண்டும். உச்சரிப்பு பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். தமிழர் ஆங்கிலம் தமிழர் ஆங்கிலமாகவே ஒலிக்கும். சொல் புரிந்தால் போதும்.

எந்தத் தேர்வை எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் வேறு, பிரிட்டன் விசாவுக்கான யுகேவிஐ ஐஇஎல்டிஎஸ் வேறு. கல்விப் பிரிவு வேறு, பொதுப் பிரிவு வேறு. குடியேற்றத்துக்குப் பெரும்பாலும் பொதுப் பிரிவே கேட்கப்படும். தவறான பிரிவில் எழுதிய மதிப்பெண்ணைக் கனடாவின் குடியேற்றத் துறை ஏற்காது. மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் தேதியை வைத்துத் தேர்வுத் தேதியைக் குறியுங்கள். கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்குக் கொடுத்த பழைய மதிப்பெண் சான்றை, காலாவதியாகியிருந்தாலும், குடியுரிமைக்குக் காட்டலாம். அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் முகவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2014-இல் பிரிட்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்தது தொலைக்காட்சிப் புலனாய்வில் வெளிப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோரின் விசா ரத்தானது. அவர்களில் குற்றமற்றவர்களும் இருந்தார்கள், தங்களை நிரூபிக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். இதற்கு மேல் எச்சரிக்கை சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் படி: நாள்களைக் கணக்கு வைத்தல்

தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர். நாள்களை எழுதி வைப்பவர்கள் சிலர். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமைக்கு முன் மாணவராகவோ பணியாளராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாள்கள் வரை, கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவில் நான்கு ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்புரிமையுடன். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேலும் கடைசி ஆண்டில் 90 நாள்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. பிரிட்டனில் பொது வழியில் ஐந்து ஆண்டுகளில் 450 நாள்கள், கடைசி ஆண்டில் 90 நாள்கள் என்பது வெளியே இருப்பதற்கான எல்லை. அமெரிக்காவில் பொதுவாக ஐந்து ஆண்டுகளில் பாதி நாள்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதம் தாண்டினால் வசிப்புத் தொடர்ச்சி முறிந்ததாகக் கொள்ள இடமுண்டு. குடிமகனின் துணைவராக வாழ்பவருக்கு அங்கே மூன்று ஆண்டுகள் போதும்.

நடைமுறையில் இந்தக் கணக்கைக் குலைப்பது பிரசவமும் சீர்களும்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து ஆறேழு மாதம் இருந்துவிட்டுப் போகும் பெண்ணுக்கும் அவருடைய கணவருக்கும் தகுதி பெறும் தேதி ஒன்றாக இராது. தங்கைக்கு எழுதிங்கள் சீர், அண்ணன் மகளுக்குத் தெரட்டி, அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று வந்துபோவதைத் தவிர்க்கச் சொல்லவில்லை; புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, பயணச் சீட்டின் படி ஆகியவற்றை ஒரு நோட்டில் சேர்த்து வைத்து, கடைசி ஓராண்டை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள்.

ஆறாம் படி: குடியுரிமைத் தேர்வு

இனித் தேர்வுக்கு வருவோம். பிரிட்டனின் 'லைஃப் இன் தி யுகே' தேர்வில் 24 கேள்விகள், 45 நிமிடம், 18 விடைகள் சரியாக இருக்க வேண்டும். தேர்ச்சிக்குக் காலாவதி கிடையாது. வசிப்புரிமைக்கு ஒருமுறை எழுதினால் குடியுரிமைக்கும் அதுவே போதும். அதனால் கடைசி ஆண்டுவரை காத்திராமல், மொழி கைவந்தவுடன் எழுதிவிடுவது நல்லது. தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. இந்தத் தேர்வுகளிலேயே ஆண்டுகளும் பெயர்களும் அதிகம் கேட்கப்படுவது இதில்தான். 1215-இல் மாக்னா கார்ட்டா, 1666-இல் லண்டன் பெருந்தீ, 1918-இல் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு வாக்குரிமை, 1928-இல் ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்குரிமை என்று ஒரு நூற்றாண்டுக்கு ஒரு பக்கமாகக் கால வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது. நம் பள்ளிப் பாடத்தில் படித்த ஆங்கிலேயர் ஆட்சி அந்தப் புத்தகத்தில் வேறு முகத்தோடு வரும். தேர்வு அறையில் புத்தகத்தில் உள்ளதே விடை, விவாதத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் 20 கேள்விகள், 75 விழுக்காடு தேர்ச்சி. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 2020 நவம்பர் 15 முதல், அந்த இருபதில் ஐந்து கேள்விகள் ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றியவை. அந்த ஐந்தும் சரியாக இருந்தாக வேண்டும். பேச்சுரிமை, மதச் சுதந்திரம், ஆண் பெண் சமத்துவம், சட்டத்தின் முன் அனைவரும் ஒன்று என்பவை பற்றிய எளிய கேள்விகள்தான். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டும்' போன்ற சொற்களைக் கவனிக்காமல் வேகமாகப் படிப்பவர்களே இவற்றில் தவறுகிறார்கள்.

கனடாவின் தேர்வில் 20 கேள்விகளுக்கு 15 சரியான விடைகள். இணையம் வழியாக வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா கண்காணிக்கும். 'டிஸ்கவர் கனடா' என்ற அரசு நூல் ஒன்றே பாடத்திட்டம்.

ஜெர்மனியில் 33 கேள்விகள், 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி, கட்டணம் 25 யூரோ. எல்லாக் கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை: பொதுக் கேள்விகள் 300, நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்கு 10. தேர்வில் மாநிலக் கேள்விகள் மூன்று வரும். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இருப்பவர் அதன் தலைநகர் ஸ்டட்கார்ட் என்றும் கொடியின் நிறம் என்னவென்றும் தெரிந்திருக்க வேண்டும். கேள்விகள் ஜெர்மனில் இருப்பதால், 310-ஐயும் மனப்பாடம் செய்யும் குறுக்கு வழி பலரைத் தேற்றிவிடுகிறது. ஆனால் பி1 தேர்வில் அது உதவாது. மொழியை முதலில் முடித்தவருக்கு இந்தக் கேள்விகள் தாமாகவே புரியும்.

அமெரிக்காவில் தேர்வு நேர்காணலாக நடக்கிறது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குக் கேள்வி வங்கி 100-லிருந்து 128 ஆனது. அதிகாரி 20 வரை கேட்பார், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறைப்படி பத்தில் ஆறு. வாய்மொழியாகவே விடை சொல்ல வேண்டும் என்பதால், கொடுக்கப்பட்ட விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. அத்துடன் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மூன்று வாய்ப்புகள் தரப்படும். பேச்சு ஆங்கிலத்தை அதிகாரி தனியாகச் சோதிப்பதில்லை. விண்ணப்பத்தில் உள்ள விவரங்களைக் கேட்கும் போக்கிலேயே அளந்துவிடுவார். ஆகவே உங்கள் விண்ணப்பப் படிவத்தை மகனோ மருமகளோ நிரப்பியிருந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு கேள்வியின் பொருளையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தவறினால் பொதுவாக 60 முதல் 90 நாள்களுக்குள் மறு வாய்ப்பு உண்டு.

எந்த நாடானாலும் படிக்கும் முறை ஒன்றே. அரசு வெளியிட்ட நூலை மட்டும் படியுங்கள். கைப்பேசிச் செயலிகளில் பழைய கேள்விகளே பெரும்பாலும் இருக்கும். முதல் வாசிப்பில் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லிப் பாருங்கள், இரண்டாம் வாசிப்பில் விடையைத் தேர்வு மொழியிலேயே சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேள்வி கேட்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். அம்மாவைத் திருத்துவதில் அவர்களுக்கு அலுப்பே வராது.

ஏழாம் படி: பெரியவர்களுக்கான விலக்குகள்

அப்புச்சியும் அம்மிச்சியும் குடியேறிவிட்ட வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. தேர்வுக்கான வயது எல்லை கனடாவில் 18 முதல் 54 வரை, ஆஸ்திரேலியாவில் 18 முதல் 59 வரை, பிரிட்டனில் 18 முதல் 64 வரை. அமெரிக்காவில் கணக்கு வேறு: 50 வயதுடன் பச்சை அட்டையில் (நிரந்தர வசிப்புரிமையில்) 20 ஆண்டுகள், அல்லது 55 வயதுடன் 15 ஆண்டுகள் இருந்தவர் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, குடிமை அறிவுக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே விடை சொல்லலாம். 65 வயதுடன் 20 ஆண்டுகள் ஆனவர்களுக்குச் சிறிய தனிக் கேள்விப் பட்டியல் உண்டு.

எட்டாம் படி: உறுதிமொழி ஏற்கும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை

தேர்வில் தேறியதும் குடிமகனாகிவிடுவதில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் விழாவில் உறுதிமொழி ஏற்கும்போதுதான் வயது வந்தவருக்குக் குடியுரிமை கைக்கு வருகிறது. அதே கணத்தில், 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துபோகிறது. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜெர்மனி ஏற்றாலும் இந்தியா ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்று பெற்று, அதன் பிறகு, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டில் இன்னும் சில ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்று அதில் பயணம் செய்வது குற்றம். ஓசிஐ அட்டைக்காரருக்கு வாக்குரிமை இல்லை. அரசுப் பணியிலும் பொதுவாகச் சேர முடியாது.

நம் பகுதியினர் அதிகம் கேட்பது தோட்டத்தைப் பற்றி. அந்நியச் செலாவணி விதிகளின்படி, ஓசிஐ அட்டைக்காரர் வேளாண் நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது; தானமாகப் பெறவும் முடியாது. இந்தத் தடை கடவுச்சீட்டு மாறியபின் புதிதாக வருவதன்று, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. வேறுபாடு திரும்பி வரும்போது தெரியும்: இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் ஊரில் நிலையாகக் குடியேறிவிட்டால் பக்கத்துத் தென்னந்தோப்பை வாங்கலாம், ஓசிஐ அட்டைக்காரருக்கோ, சொத்து வாங்கும் உரிமையைத் தரும் 2021-ஆம் ஆண்டு அறிவிக்கையே வேளாண் நிலத்தை விலக்கித்தான் தருகிறது.

வாரிசுரிமையாக வரும் நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. தந்தையின் காலத்துக்குப் பின் உயிலின் மூலமோ வாரிசு முறையிலோ வரும் பங்கைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். சிக்கல், தந்தை இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதி வைப்பதில் வருகிறது. நம் குடும்பங்களில் பங்கு பிரிப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான் என்பதால், மகனோ மகளோ வெளிநாட்டில் வசிக்கும் வீட்டில் பத்திரம் எழுதுமுன், அந்நியச் செலாவணிச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, செட்டில்மென்ட்டுக்குப் பதில் உயில் எழுதுவதா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வேளாண் நிலத்தை விற்பதென்றால், வாங்குபவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு, பான் அட்டை ஆகியவற்றில் உள்ள பெயர் புதிய கடவுச்சீட்டின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்பதையும், உறுதிமொழி விழாவுக்கு முந்தைய ஊர்ப் பயணத்திலேயே நேரில் பார்த்து முடித்துவிடுங்கள்.